பொன்னியின் தாவணி

1913 ஐப்பசி, செவ்வாய் இரவு.

பொன்னி இன்று பள்ளிக்கு வரவில்லை. கூலியாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில் அவள் பெயரையும் கூப்பிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். பால்பல் இன்னும் விழுந்து தீராத பிள்ளை.

தீபாவளிக்கு என் மனைவி மரகதம்தான் தன் சேலையைக் கிழித்து அவளுக்குத் தாவணி போட்டு, கொண்டையும் முடிந்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மரகதத்தின் ஆசையை நான் எப்படித் தடுப்பேன்? கோயிலில், கூலியாட்களை வேலைக்கு அனுப்பும் கங்காணி பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாவாட சட்டையில தெரியலீங்க வாத்தியாரம்மா. புள்ள வளந்துட்டாளே! கொழுந்துக்கு எட்டுவா."

இன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் பொன்னி ஓடிவந்து தாவணியை நீட்டினாள். "மலையில கட்டுனா கிழிஞ்சுருமுங்க. நீங்களே வச்சிருங்க." மரகதம் வாங்கிக்கொண்டாள்.

கடல் தாண்டி நாங்கள் இருவரும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பாடம் சொல்லத்தான் வந்தோம். பிள்ளைகள் கூன் போட்டால் மரகதத்துக்குப் பிடிக்காது, நிமிர்ந்து உட்காரச் சொல்லி நாள் முழுக்க அதட்டுவாள். சாயங்காலம் கங்காணி பள்ளிக்கூடத்து வழியாக வந்தார். மரகதம் பதறிப்போய்ப் பிள்ளைகளிடம் சொன்னாள்:

"குனிஞ்சு உக்காருங்கடி. எல்லாரும் குனிஞ்சு உக்காருங்க."