மகளின் காரில் ஹீட்டர்

அன்புள்ள மார்னிக்கு,

நம் மகள் சோல்வெய்க்கின் காரைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டு உன் தங்கை வீட்டுக்குப் போனாய். நான் போடவில்லை.

இன்று காரேஜில் வைத்து, இன்ஜினிலும் ஹீட்டரிலும் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பை மாற்றினேன். பழையதன் அச்சு லொடலொடவென்று ஆடியது. இது போனதால்தான் பனிப்புயலில், நடுவழியில், இன்ஜின் நின்றது. ஹீட்டரும் நின்றது. விடியும்வரை அந்தக் குளிரில் அவள்... அதற்குமேல் எழுத வரவில்லை.

பக்கத்து வீட்டு ஆர்விட் எட்டிப் பார்த்தான். "என்னத்துக்கு இதைப் போட்டு நோண்டுறே? யாரு ஓட்டப் போறா?"

"சோல்வெய்க் வண்டிப்பா. அவதான்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான்.

கூலண்ட் ஊற்றி, காரை வாசலில் நிறுத்தி ஓடவிட்டேன். அவள் இடத்தில் உட்கார்ந்து ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். எனக்கு வேர்த்துக் கொட்டியது. அணைக்கக் கையை நீட்டியபோது, காதருகே, "இன்னும் கொஞ்சம்பா" என்றாள்.

அணைக்கவில்லை, மார்னி. காரில் இருந்தபடியேதான் இதை எழுதுகிறேன்.

உன் கணவன்