ஓரத்துச் சதையும் நடுப் பார்வையும்

என் வீட்டுத் தலைமையாசிரியைக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

"கண்ணு ஓரத்துல வளர்ற சதைய எடுத்தா, நடுவுல இருக்கிற பார்வை எப்படிங்க மாறும்?" என்று நான் இந்த ஊர்ப் பள்ளிக்குப் புறப்படும்போது கேட்டாய். போன மாதம் இங்கே என் கண்ணில் வளர்ந்திருந்த சதையை எடுத்துவிட்டார்கள். முன்பே சொன்னால் தூங்கமாட்டாய் என்றுதான் சொல்லவில்லை.

விடுப்பு முடிந்து, வகுப்பில் பழைய கண்ணாடியை மாட்டினேன். கரும்பலகையில் நான் எழுதியதே எனக்குத் தெரியவில்லை. வேலை போயிற்று என்று டாக்டரிடம் ஓடினேன்.

"சார், முதல்ல கண்ணாடிய கழட்டுங்க!" என்று சிரித்தார்.

கழற்றினேன். சுவரிலிருந்த பொடி எழுத்தெல்லாம் பளிச்சென்று நின்றது!

விரித்த துணியின் ஓரத்தை இழுத்தால் நடுவும் கோணுமல்லவா? அப்படித்தான் அந்தச் சதை கருவிழியின் வளைவை ஒரு பக்கம் தட்டையாக்கி, ஒளியை ஒரே இடத்தில் குவியவிடாமல் வைத்திருந்ததாம். அது போனதும் வளைவு திரும்பிவிட்டது. கோணலுக்காகப் போட்ட கண்ணாடிதான் இப்போது கோணல். கடுகளவு சதை, எத்தனை வருடம் என் உலகத்தையே கலைத்து வைத்திருக்கிறது!

சொட்டுமருந்து போட்டுவிட ஆளில்லை. பாதி கன்னத்தில் விழுகிறது. இனி எனக்காகப் பெரிதாக எழுதாதே. பொடியாக, நிறைய எழுது.

மணி அடித்துவிட்டது. உன் இடக்கண் சதையை எடுக்காமல் நீ இன்னும் தள்ளிப்போடுகிறாய். இன்றே வலக்கண்ணை மூடிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார். பெரிய முள் நிமிர்ந்து நிற்கும்போதும் படுத்திருக்கும்போதும் ஒரே தெளிவாகத் தெரிகிறதா, இல்லை ஒன்று மங்கி உன் கருவிழியும் கோணிவிட்டதா என்று எழுது.