நான் பக்காரா கற்றுக்கொண்டது

மக்காவ்
ஏப்ரல் 27

அன்புள்ள மகள் இயோக் லானுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பைக் கேட்டால் குறையில்லை, ரத்த அழுத்தம்கூட ஏறவில்லை. மற்ற எதைப் பற்றியும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. லிஸ்பனில் குளிர் விட்டதா, பேரனின் இருமல் நின்றதா என்று எழுது. இந்த வருடம் அம்மாவின் கல்லறையைச் சுத்தம் செய்ய உன் தம்பி வரவில்லை, வறுத்த பன்றியையும் பூவையும் நானே சுமந்துகொண்டு மேடு ஏறினேன். அவளிடம் சொல்ல ஒரு நல்ல சேதி இல்லை, புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

புத்தாண்டன்று போனில் நீ சொன்னதை மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. உன் தம்பி குவோக் மெங் ஹோட்டல் சமையல் வேலையை விட்டுவிட்டுச் சூதாட்ட விடுதியிலேயே கிடக்கிறான் என்று நான் கத்தியபோது, "அந்த ஆட்டம் என்னன்னே உங்களுக்குத் தெரியாதுப்பா, தெரிஞ்சுக்காம திட்டினா அவன் எப்படிக் கேப்பான்?" என்றாய். எனக்கா தெரியாது? பேருந்துப் பட்டறையில் எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், எஞ்சினைக் கழற்றிப் போட்டுப் பார்த்தே கற்றவன் நான். மறுநாளே எட்டுக் கட்டுச் சீட்டு வாங்கினேன். அவன் ஆடும் பக்காராவில் கற்க ஒன்றுமே இல்லை, அதுதான் முதல் பாடம். ஆட்டக்காரர் என்று ஒரு பக்கம், வங்கி என்று ஒரு பக்கம், எது ஜெயிக்கும் என்று பந்தயம் கட்ட வேண்டியது. பக்கத்துக்கு இரண்டு சீட்டு, ஒன்பதை ஒட்டி யார் வருகிறாரோ அவர் ஜெயித்தார். பத்துக்கும் படச் சீட்டுக்கும் மதிப்பு சைபர், கூட்டிப் பத்தோ அதற்கு மேலோ வந்தால் கடைசி இலக்கம்தான் கணக்கு. மூன்றாம் சீட்டு எப்போது என்பதற்கும் எழுதிவைத்த விதி உண்டு, ஆடுகிறவன் மூளைக்கு வேலையே கிடையாது. ஆனாலும் மேசைக்கு மேசை பலகை வைத்து, முன்னால் ஜெயித்த பக்கத்தைச் சிவப்பு வட்டம் நீல வட்டமாகப் போட்டுக் காட்டுகிறார்கள், அதைப் பார்த்து அடுத்தது என்ன என்று உன் தம்பிக்குத் தெரிந்துவிடுமாம். நான் சமையலறை மேசையில் ஆறு வாரம் தனியாகச் சீட்டுப் போட்டு நாலாயிரம் ஆட்டத்துக்கு வட்டம் வரைந்தேன். ஏழு முறை தொடர்ந்து சிவப்பு வந்த பிறகும் எட்டாவது சிவப்பா நீலமா என்பது கிட்டத்தட்டச் சரிபாதிதான். சீட்டுக்கு ஞாபகம் கிடையாது. தாளெல்லாம் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். சிரிக்கிறான். "இது வீட்டுச் சீட்டுப்பா, இதுக்கு உயிரே இல்ல" என்கிறான்.

இதற்குள் அவன் மனைவி மெய் சான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, எல்லைக்கு அந்தப்புறம் ஜூஹாயில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், உனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. "அவரு அந்தத் தடைத் தாள்ல கையெழுத்துப் போடற அன்னிக்கு வர்றேன் மாமா" என்றாள். இவனை இரண்டு வருடம் எந்த விடுதியிலும் உள்ளே விடாதீர்கள் என்று குடும்பத்தார் சூதாட்டக் கண்காணிப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் ஆடுகிறவனும் சம்மதித்தால்தான் செல்லும். நான் நிரப்பி நீட்டினேன். "ஒரு மத்தியானம் என்கூட வந்து உக்காருங்க, வாயைத் தொறக்கக் கூடாது. அப்பவும் இது முட்டாள்தனம்னு சொன்னீங்கன்னா போடறேன்" என்றான். சரி என்றேன். கையெழுத்து கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆட்கள் சீட்டை ஊதுவதை நீ இங்கே இருந்தபோது கேலி செய்வேனே, டயருக்குக் காற்றடிக்கிறான்கள் என்று. வேண்டாத புள்ளி பறந்துவிடும் என்று ஊதுகிறார்கள். நான் கூடப் போய் உட்கார்ந்த அன்றைக்கு ஆட்டக்காரர் பக்கம் குவோக் மெங்தான் பெரிய பந்தயம், அதனால் சீட்டைத் திறக்கும் உரிமை அவனுக்கு. முதல் சீட்டு மூன்று. இரண்டாவதை என் பக்கம் தள்ளி, "நீங்க திறங்கப்பா, கறைபடாத கை" என்றான். நீள ஓரத்தை மெல்லத் தூக்கினேன். மூன்று புள்ளி தெரிந்தது. அப்படியென்றால் அது ஆறு, ஏழு, எட்டில் ஒன்று. ஆறு என்றால் மொத்தம் ஒன்பது. நடுவில் ஒரு புள்ளி இருந்தால் அது ஏழு, மொத்தம் சைபர்; இரண்டு இருந்தால் எட்டு, மொத்தம் ஒன்று. பக்கத்து இருக்கைக் கிழவி, "ஊதுங்க தாத்தா, பல்செட்டுப் பறந்தாலும் பரவால்ல, ஊதுங்க!" என்றாள். இயோக் லான், அது அச்சடித்த சீட்டு, அது என்ன சீட்டு என்பது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம், இது தெரிந்தவன் அந்த மேசையில் நான் ஒருவன்தான்.

ஊதினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

நடு வெறுமையாக இருந்தது. மேசையே கத்தியது, அதில் என் குரலும் இருந்தது. குவோக் மெங் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்து, "முட்டாள்தனம்னு சொல்லுங்கப்பா, போடறேன்" என்றான். சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்த இருக்கையும் விளக்கும்தான் காரணம் என்று இப்போதும் சொல்வேன், என் நாலாயிரம் வட்டத்தில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு முறை விடுதியின் இலவசப் பேருந்தில் தனியாக ஏறிப் போனேன், அவனைத் தேடி என்று எனக்கே சொல்லிக்கொண்டு. இரண்டாம் முறை அவன் அங்கே இல்லை. இருந்தும் நான் மூன்று மணி நேரம் நின்றேன்.

நேற்று அதே அலுவலகத்துக்குப் போய் என் பெயரில் ஒரு தாள் கொடுத்துவிட்டேன். எனக்கு இரண்டு வருடம் எல்லாக் கதவும் அடைப்பு. இனி அவனைத் தேடி உள்ளே போகவும் முடியாது. அவன் தாள் கையெழுத்தில்லாமல் அம்மா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. மெய் சான் போன் செய்தாள், நான் எடுக்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோயில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், வயசான அப்பனிடம் மிச்சமிருக்கும் ஆசி அவ்வளவும் உங்களுக்கே. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் செய்ய மறக்காதே. அந்த ஆட்டத்தை அவன் உனக்கு விளக்க வந்தால் காதில் வாங்காதே. எதையும் தெரிந்துகொள்ளாமலே திட்டு.

உன் அப்பா
லாம் சியோ பாங்