வராதவருக்கு எழுந்து நின்றோம்

செம்மண்டலம், கடலூர்.
வைகாசி மாதம், புதன்கிழமை.

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் தில்லைநாதன் சார் அவர்களுக்கு,

மைக்செட் பூவராகன் வணக்கத்துடன் எழுதுவது. கபடி இலக்கியாவின் அப்பா என்றால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

நலமாக இருக்கிறீர்களா? கடிதம் என்றால் எல்லோரும் முதலில் இதைக் கேட்பார்கள், கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நான் நிஜமாகவே கேட்கிறேன். ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை நம் மைதானத்தில் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று உங்களுக்கு மௌன அஞ்சலி செலுத்திவிட்டோம். தவறுதலாக நடந்துவிட்டது. வேறு யாராவது சொல்லித் தாங்கள் பதறுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையை ஒரு தடவை எழுதிப் போதாமல் ஆசையாக இன்னொரு தடவையும் எழுதியவன். போனிலேயே சொல்லலாம் என்று பார்த்தால், உங்கள் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு அம்மாள் மூன்று பாஷையில் சொல்கிறார். மூன்றையும் பொறுமையாகக் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

சிதம்பரம் பெண்கள் அணி நம் கெடிலம் அணியோடு ஆட வருகிறது என்று போன மாதம் தெரிந்தது. நீங்கள் எங்களை விட்டு அந்த அணிக்குப் போன பிறகு இதுதான் முதல் தடவை. உடனே என் மைக்செட் கொட்டகையில் கூட்டம் போட்டுவிட்டார்கள். தில்லைநாதன் சார் வேனை விட்டு இறங்கும்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பேச்சு. நம் அணிக்கு ஜெர்சி வாங்குவது பற்றிக்கூட இத்தனை பேர் வந்து பேசியது கிடையாது.

டிரம் அடிக்கும் சுப்புராயனைத் தெரியுமல்லவா, அவன்தான் முதலில் ஆரம்பித்தான். “ஆறு வருஷமா நம்ம பொண்ணுங்கள ஆளாக்கிட்டு, இப்ப அங்க போயி நம்மளயே சாய்க்க வராரு. வேன் உள்ள நொழையறப்பவே ஒரு ஊளை வுடணும் மச்சான். காது கிழியணும்” என்றான். நம் அணியில் ஆடும் மோனிகாவின் அம்மா கொளஞ்சியம்மாள் மீன் கூடையோடு வந்திருந்தார். “ஊளைக்கெல்லாம் அந்தாளுக்கு ஒறைக்காதுண்ணே. மாலை வாங்கியாந்து போடணும். போட்டுட்டு, நல்லா இருக்கீங்களா சார், வூட்ல எல்லாம் சௌக்கியமான்னு சிரிச்சிக்கினே கேக்கணும். அப்பதான் ராத்திரி தூக்கம் வராது” என்றார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். மைக்செட் வாடகைக்கு விடுகிறவனுக்கு எல்லாக் கட்சியும் வேண்டும்.

அப்போதுதான் இலக்கியா எல்லோருக்கும் டீ எடுத்துக்கொண்டு வந்தாள். டம்ளரை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே, “சாரை எதுக்குக் கத்துறீங்க? பண்ருட்டில நான் மாட்டுனதாலதான அவுரு போனாரு? ஊளை வுடறதுன்னா என்னைப் பாத்து வுடுங்க” என்று சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சுப்புராயன் டீயைத் தொடவில்லை. அவன் டீயைத் தொடாமல் நான் பார்த்ததே இல்லை.

அவள் மனதில் இப்படி ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் சார் எனக்கே தெரிந்தது. போன வருஷம் பண்ருட்டி இறுதி ஆட்டத்தில் கடைசியாகப் பாடப் போனது அவள்தான். நடுக்கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் அமுக்கிவிட்டார்கள், கோப்பை போய்விட்டது. திரும்பி வரும்போது நீங்கள் வேனில் முன்சீட்டில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தீர்கள். நான் பின்சீட்டில் தோற்ற துக்கத்தில் பலாச்சுளை தின்றுகொண்டு வந்தேன். துக்கம் ஜாஸ்தி என்பதால் சுளையும் ஜாஸ்தி. செம்மண்டலம் சிக்னலில் இறங்கி, “வரேன்” என்றீர்கள். அடுத்த பயிற்சிக்கு வரவில்லை. பிறகு யாருடைய போனிலோ சிதம்பரம் அணியோடு உங்கள் போட்டோவைப் பார்த்தோம். சொந்த ஊர், வீட்டுப் பக்கத்தில் வேலை, போகிறார் என்று நாங்கள் பெரியவர்கள் நினைத்துக்கொண்டோம். இந்தப் பெண் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு ஒரு வருஷமாக உள்ளுக்குள்ளேயே புழுங்கியிருக்கிறது. மைதானத்துக்குப் போகாததற்கு முட்டி வலி என்றாள். நானும் தைலம் வாங்கிக்கொடுத்தேன். எவ்வளவு விவரமான அப்பன் பாருங்கள்.

இந்த ஆட்டத்துக்கு நோட்டீஸ் வந்த பிறகு அவளே மறுபடியும் விடியற்காலையில் ஓட ஆரம்பித்தாள். சார் எதிரில் ஒரே ஒரு தடவை ஒழுங்காகப் பாடித் தொட்டுவிட்டு வந்துவிட்டால் போதும் என்று அவள் அம்மா ஜெயராணியிடம் சொன்னாளாம். சார் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று அவள் சொல்லவில்லை. அதை நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

வரவேற்பு விஷயத்தைக் கடைசியில் கொளஞ்சியம்மாள்தான் முடித்துவைத்தார். “மாலையும் வேணாம் மண்ணும் வேணாம். ஒருத்தரும் வாயத் தொறக்காதீங்க. அவுரா எறங்கட்டும், அவுரா வந்து அந்தப் பொண்ணுகிட்ட பேசட்டும்” என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் கடலூர்க்காரர்கள் சும்மா இருப்பதற்கும் ஒத்திகை தேவைப்பட்டது. சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தோம். முதல் தடவை ஒருவர் தும்மினார், அவரை நான்கு பேர் அதட்டினார்கள், அதட்டியவர்களைப் பத்துப் பேர் அதட்டினார்கள். அதற்கு ஊளையே அமைதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகச் செய்தோம் சார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வேன் உள்ளே வந்தது. கைதட்டல் இல்லை, விசில் இல்லை. சுப்புராயன் டிரம் குச்சிகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான். நான் மைக்கை அணைத்துக் கையில் வைத்திருந்தேன். இலக்கியா நம் பெண்களோடு கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாள், கண் வேன் கதவு மேலேயே இருந்தது. சிதம்பரம் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாகத் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு இளவட்டம் இறங்கினார். பிறகு டிரைவர் கதவைச் சாத்திவிட்டார்.

அந்தத் தம்பி பெயர் தமிழ்வேந்தன். அவர்தான் இப்போது சிதம்பரம் பயிற்சியாளராம். இறங்கினவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. மெதுவாக என் பக்கத்தில் வந்து, “யாருண்ணே தவறிட்டாங்க?” என்று காதோடு கேட்டார். நான் நீங்கள் வரவில்லை என்ற அதிர்ச்சியில் இருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, தன் பெண்களை வரிசையாக நிறுத்தி, தலை குனியச் சொன்னார். வந்த விருந்தாளிகள் தலை குனிந்து நிற்கும்போது நாம் எப்படி உட்கார்ந்திருப்பது? முன்வரிசை எழுந்தது. அதைப் பார்த்துப் பின்வரிசையும் எழுந்தது. ரோட்டில் போனவர் ஒருவர் வண்டியை நிறுத்திச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கொளஞ்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார். பிறகு கேட்டதற்கு, “எதுக்குன்னு தெரியலண்ணே, எல்லாம் நின்னாங்க, எனக்கு அழுகை வந்துடுச்சி” என்றார். அவர் அழுததில் ஒரு பாதியாவது உங்களுக்காக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இது வரைக்கும் நீங்கள் சிரிக்கலாம் சார். நானும் வீட்டில் இதை நடித்துக் காட்டியிருப்பேன், வீட்டில் சிரிக்க ஆள் இருந்திருந்தால்.

டாஸ் போடும்போது இலக்கியா அந்தத் தம்பியிடம், தில்லைநாதன் சார் வரவில்லையா என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். “அவுரு மாசியிலயே கெளம்பிட்டாரும்மா. ஓசூர் பக்கம் ஏதோ டீமுன்னாங்க” என்றார். ஏன் போனார் என்று கேட்டாள். “தெரியலம்மா. திருவாரூர்ல பைனல் தோத்துட்டாங்களாம், அதுக்கப்பறம் வரலியாம். பொண்ணுங்க சொன்னாங்க” என்றார். அவர் மேல் தப்பில்லை, கேட்டதற்குத் தெரிந்ததைச் சொன்னார். இலக்கியா சரிங்க சார் என்று தலையாட்டினாள். பரீட்சையில் தான் எழுதிய விடை சரிதானா என்று வெளியே வந்து புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார்களே, அந்த மாதிரி ஒரு முகம்.

ஆட்டத்தில் முதலில் இரண்டு தடவை போனாள், யாரையும் தொடாமல் வந்தாள். மூன்றாவது தடவை கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். மூச்சு சத்தம் எனக்கு மைக் மேஜை வரைக்கும் கேட்டது. நான்கு எட்டு வைத்தாள். குறுக்குக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அந்தக் கோட்டைத் தாண்டாமல் திரும்பினால் அவுட் என்று நீங்கள் கத்திக் கத்திச் சொன்னது எனக்கே மனப்பாடம், அவளுக்குத் தெரியாதா? எதிர் அணியில் ஒரு பெண் கையை நீட்டி வா வா என்று கூப்பிடக்கூடச் செய்தாள். இலக்கியா பாடிக்கொண்டே திரும்பி நடந்து வந்துவிட்டாள். நடுவர் விசில் ஊதினார். யார் அவுட் என்று மைக்கில் சொல்ல வேண்டியது என் வேலை. இலக்கியா வெளியே என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் என் மைக் சத்தத்தை நானே வெறுத்தது அன்றைக்குத்தான்.

தோற்றுவிட்டோம் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டாள். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. நான் சிரிக்க வைக்கலாம் என்று, ஏம்மா, சிதம்பரம் டீம் திருவாரூரில் தோற்றதற்கும் நீதான் காரணமா என்று கேட்டேன். அவள் கையைக் கழுவிக்கொண்டே, “அங்கயும் ஒருத்தி இருப்பா இல்லப்பா” என்றாள். அன்று ராத்திரி, வரிசையில் தலை குனிந்து நின்ற அந்தப் பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

திங்கட்கிழமை முதல் பண்ருட்டியில் முந்திரிக் கம்பெனியில் பருப்புத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறாள். மைதானத்துக்கு இனி வரவில்லை என்று மோனிகாவிடம் சொல்லிவிட்டாள். பஸ் அந்த இறுதி ஆட்டம் நடந்த மைதானத்தைத் தாண்டித்தான் கம்பெனிக்குப் போகும். வேறு வழி கிடையாது, நானும் விசாரித்தேன். மாப்பிள்ளை பார்க்கலாம் என்கிறாள் ஜெயராணி. பெண்ணும் சரி என்கிறது. இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் சரி என்கிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபமா என்றால், இருந்தது. கூட்டத்தில் நான் வெளியே சொல்லவில்லையே தவிர, சுப்புராயனை விடப் பெரிய ஊளை எனக்குள் இருந்தது. இப்போது அதற்குத் தெம்பில்லை. தமிழ்வேந்தன் தம்பி, அண்ணாமலை நகரில் உங்கள் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார், அவர் மூலம் ஓசூருக்கு அனுப்பி வைக்கிறேன் என்றார். அதை நம்பித்தான் இதைப் போடுகிறேன். எத்தனை கை மாறி எப்போது வருமோ தெரியாது.

அவளுக்கு ஒரு கார்டு போடுங்கள் சார். திரும்ப ஆடச் சொல்ல வேண்டாம், அந்தக் காலம் போய்விட்டது என்று எனக்கே தெரியும். நீங்கள் கடலூரை விட்டுப் போனது ஏன் என்று மட்டும் எழுதுங்கள். சம்பளம் போதவில்லை என்று எழுதுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கொசுத்தொல்லை, எது வேண்டுமானாலும் எழுதுங்கள். உங்க அப்பா மைக்கில் பேசுவதைத் தாங்க முடியாமல் ஓடிவிட்டேன் என்று எழுதினால் இன்னும் விசேஷம், அவள் உடனே நம்புவாள். பொய்யாக இருந்தாலும் நான் கேட்டுக்கொள்ள மாட்டேன். நான் உங்களுக்கு எழுதியது அவளுக்குத் தெரியாது.

ஒருவேளை, சார், பண்ருட்டியில் அவள் மாட்டியதால்தான் நீங்கள் போனீர்கள் என்றால், பதில் எழுத வேண்டாம். கடிதம் உங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்று நான் வைத்துக்கொள்கிறேன். நம் ஊர்த் தபால்காரரைக் கொஞ்ச நாள் திட்டுகிறேன், அவர் நல்ல மனுஷர், பொறுத்துக்கொள்வார்.

ஓசூரில் குளிர் அதிகம் என்கிறார்கள். உங்கள் வீட்டம்மாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். அங்கே உங்களிடம் ஆடும் பெண்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் சாமியிடம் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மேல் மரியாதை மாறாத,
பூவராகன்
(இலக்கியாவின் அப்பா)