கல் என்று சொன்னீர்கள்

இன்று காலை ஸ்டெல்லா கையில் அரிவாளோடு நம் கொல்லையில் வந்து நின்றாள். உங்கள் தம்பி பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. என் வாழையைக் கேட்காமலே வெட்டுகிற உரிமை அவளுக்கு உண்டு. தார் இறக்கிய மரம் ஒன்றைச் சாய்த்து மட்டையை உரிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தத் துவர்ப்பு வாடை அடுப்படி வரை வந்ததும் எழுந்து கொல்லைக்குப் போனேன்.

“அவருக்கு கல்லாம்க்கா. தஞ்சாவூர் போய்ட்டு வந்தோம். தண்டுச் சாறு குடிச்சா கரைஞ்சிடும்ல?”

“டாக்டர்கிட்ட நீ உள்ள போனியாடி?”

“என்னைய வெளியவே இருக்கச் சொல்லிட்டாரு.”

அவள் கையிலிருந்த தண்டைப் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். “இனிமே இதுக்காக இந்தக் கொல்லைக்குள்ள கால வைக்காத” என்றேன். அழுதுகொண்டே போய்விட்டாள். ஒரு வாழைத்தண்டுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். எனக்கு அவள்மேல் கோபமில்லை. உங்கள்மேல்தான், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உருகி உருகி எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்கெல்லாம் உங்கள் கல்லறைக்கு மாலை கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் ஒன்றும் பேசத் தெரியாத மனிதர் இல்லை. மேட்டூர் திறந்தும் நம் கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷங்களில், குறைதீர்க்கும் கூட்டத்தில் நீங்கள் மைக்கைப் பிடித்தால் கலெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். மதகை ஏற்றமாட்டேன் என்ற பொதுப்பணித்துறை லஸ்கரை வரப்பிலேயே மடக்கி நிறுத்தியவர் நீங்கள். ஊர்ப் பயிருக்காக அத்தனை வாய் பேசினீர்கள். ராத்திரியில் நாலு தடவை எழுந்து போய், ஒன்றுக்குப் போகமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பதைப் பெண்டாட்டியிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

நானாகக் கவனித்துக் கேட்டதற்குச் சூடு என்றீர்கள். விளக்கெண்ணெயைத் தொப்புளில் தடவினேன், கால் கட்டைவிரலில் தடவினேன். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் எல்லாரும் கூடிப் பேசி, சூடுதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அதே உபத்திரவம் இருந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இடுப்பு வலியில் வயலில் இறங்க முடியாமல் போன பிறகுதான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினீர்கள்.

அங்கே டாக்டர் அறை வாசலில் என்னை உட்காரவைத்தீர்கள். “நீ இங்கயே இரு. இது ஆம்பள சமாச்சாரம்.” வெகுநேரம் கழித்து வெளியே வந்தீர்கள். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. “கல்லு. ஊசி போட்டிருக்காங்க, கரைஞ்சிடும்” என்றீர்கள். நானும் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் வாழைத்தண்டுதான். பொரியல், கூட்டு, மோர்ப்பச்சடி, வெறும் வயிற்றில் சாறு. நார் எடுத்து எடுத்து என் விரல்கள் கறையேறிக் கறுத்துப் போயின. கோயில் பூசையில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டவே கூச்சமாக இருந்தது. நீங்கள் எதிரில் உட்கார்ந்து தட்டை வழித்துச் சாப்பிட்டீர்கள். “போதும், நிறுத்து” என்று ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பேனே, அந்தப் பயம். புற்றுநோய்க்கு வாழைத்தண்டு சமைத்தவள் இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்திருந்தேன். இப்போது ஸ்டெல்லாவும் கிளம்பிவிட்டாள்.

பிறகு கட்டிலைக் கூடத்துக்குத் தூக்கிப் போட்டீர்கள். “உள்ள புழுக்கமா இருக்கு” என்றீர்கள். இத்தனை வருஷம் இல்லாத புழுக்கம். எனக்கு வயதாகிவிட்டது, தொப்பை விழுந்துவிட்டது, என் பக்கத்தில் படுக்கவே இவருக்கு அருவருப்பு என்று நினைத்து, கண்ணாடி பார்ப்பதைக்கூட விட்டேன். அந்த ஊசி உங்களுக்கு என்ன செய்தது என்று சொல்லியிருந்தால் போயிற்று. பேரன் எடுத்த வயதில் எனக்கு அதுவா பெரிது? பக்கத்தில் கிடந்தால் போதாதா? இதைக்கூடப் புரிந்துகொள்ளாதவரோடா இத்தனை காலம் குடும்பம் நடத்தினேன்?

நடவு முடிந்த மார்கழியில் ஊரே போர்வைக்குள் கிடக்க, நீங்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வியர்த்து விறுவிறுத்து வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள். முகமெல்லாம் சிவப்பு. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தீட்டு நிற்கிற காலத்தில் நான் பட்ட பாடு அது. கழுத்திலிருந்து உச்சந்தலைக்கு நெருப்பு ஏறும், ஒன்றுமில்லாததற்கு அழுகை வரும், கையில் இருப்பதைத் தூக்கி எறியத் தோன்றும். பக்கத்தில் வந்து, “எனக்கு வந்த மாதிரியே இருக்கே உங்களுக்கு” என்றேன். எவ்வளவு ஆதரவாகச் சொன்னேன் தெரியுமா?

“நான் என்ன பொம்பளையா?” என்று கத்தினீர்கள். சொம்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு எழுந்து போனீர்கள். அதன்பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இந்த ஊரிலேயே அந்த எரிச்சல் இன்னதென்று உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆளாக நான் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். என்னிடமிருந்துதான் ஒளித்தீர்கள்.

கால் இரண்டும் தளர்ந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டாக்டர் என்னிடம் கேட்டார்: “ஊசி போட்டதுக்கு அப்புறம் வீட்ல எப்படி இருந்தாரு? மனசு விட்டுப் பேசினாரா?”

“கல்லுக்குப் போட்ட ஊசியா டாக்டர்?” என்றேன்.

அந்த டாக்டர் பிள்ளை கையிலிருந்த பேனாவை மூடிவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எலும்புக்கு ஏறிவிட்டது என்றார். ஆண் சுரப்பை நிறுத்துகிற ஊசி அது, அந்த எரிச்சலும் வியர்வையும் அதனால்தான் என்றார். “முதல் நாளே உங்களை அழைச்சிட்டு வரச் சொன்னோமேம்மா. ரெண்டு பேரையும் சேர்த்து உட்காரவச்சுப் பேசத்தான் இங்க ஆள் இருக்காங்க. உங்களுக்கு உடம்பு முடியல, படுத்த படுக்கைன்னாரு.” படுத்த படுக்கை! ஒவ்வொரு தடவையும் பிளாஸ்கில் வெந்நீரும் மடியில் இட்லிப் பொட்டலமுமாக அந்தக் கதவுக்கு வெளியே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேனே.

வார்டுக்கு வந்து கேட்டேன்: “யாருக்கு உடம்பு முடியல?” நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். “தெரிஞ்சா நீ என்ன செஞ்சிருப்ப?” என்றீர்கள்.

“வாழைத்தண்டு சமைச்சிருக்க மாட்டேன்.”

உங்கள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறீர்கள் என்று நினைத்தேன். திருப்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தீர்கள். அன்று சாயங்காலம்தான் கேட்டீர்கள்: “ஒனக்கும் இப்படித்தான் எரிஞ்சுதா?”

“ஆமா.”

“அப்ப நான் ஒன்ன என்ன சொன்னேன்?”

“போய் வேலையப் பாரு, சரியாப் போயிடும்னீங்க.”

என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினீர்கள். அதன்பிறகு கிடைத்த கொஞ்ச நாளில் எவ்வளவு பேசினோம்! பயமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். அவ்வளவு பேச்சை உள்ளே வைத்துக்கொண்டா கூடத்தில் தனியாகக் கிடந்தீர்கள் என்று நினைத்தால் உங்களை எழுப்பி உலுக்கவேண்டும் போல இருக்கிறது.

போகும்போதும் சும்மா போனீர்களா? “ஊர்ல கல்லுன்னே இருக்கட்டும். அந்த எடத்துல வியாதின்னா சிரிப்பானுவ” என்று வாக்கு வாங்கிக்கொண்டீர்கள். சாகக் கிடக்கிறவரிடம் என்ன மல்லுக்கு நிற்பது என்று தலையாட்டினேன். அடக்கப் பூசையில் சாமியார் சிறுநீரகக் கோளாறு என்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். உங்கள் கூடப்பிறந்த தம்பிக்கே கல் என்றுதான் சொன்னேன். அண்ணனுக்கு வந்தால் தம்பியும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் மானத்துக்குக் காவல் இருந்தேன்.

இன்று சாயங்காலம் அந்தக் காவலை விட்டேன். நேராக உங்கள் தம்பி ஆரோக்கியம் வீட்டுக்குப் போனேன். அவன் நாற்காலியில் இருந்தான். ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளையும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

“தம்பி, ஒங்கண்ணன் கல்லால சாகல. புராஸ்டேட்ல புத்துநோய். ஒனக்கு என்னன்னு இவ முன்னாடி சொல்லு.”

“அண்ணன் மானத்த வாங்காதீங்க அண்ணி!” என்று எகிறினான். உங்கள் குரல் அப்படியே.

“ஒங்கண்ணன் மானம் மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கு. நீ சொல்லு.”

அவன் தரையைப் பார்த்தான். ஸ்டெல்லாவைப் பார்த்தான். உதடு கோணிக்கொண்டது. “அதேதான் அண்ணி. ஆரம்பம்தான்னாங்க. ஆபரேஷன் பண்ணலாம், பண்ணிட்டா அப்புறம்... இவகிட்ட எப்படிச் சொல்றது?” என்றான்.

ஸ்டெல்லா அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “அடப்பாவி மனுசா, யார்கிட்ட சொல்லுவ பின்ன? டீக்கடையிலயா?” என்றாள். நாளைக்குத் தஞ்சாவூருக்கு நானும் வருவேன், உள்ளே வருவேன், வரவிடாவிட்டால் கதவை உடைப்பேன் என்று கத்தினாள். அப்படியே அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பொறாமையாக இருந்தது. வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவளுக்குக் கிடைத்த அந்த இடம் எனக்கு உரியது. உங்கள் நோயில் என் பங்கு அது. அதை என்னிடம் தராமலே போய்விட்டீர்கள். உங்கள் சாவைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. இதைத்தான் இன்னும் சுமக்கிறேன்.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்து மற்றவர்களிடமும் சொல்லப்போகிறேன். கோபம் வந்தால் வந்து கேளுங்கள். கேட்பதற்காகவாவது ஒருதரம் வாருங்கள்.