எண்ணெய்க் கை பட்ட முட்டைகள்

அன்பு மகளுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று போனில் உன் குரலே சொல்கிறது, ஆனாலும் கேட்காமல் இருக்க மனசு வரவில்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? இங்கே நாங்கள் சுகம். உன் அப்பாவின் வாய்க்கு ஒரு குறையும் இல்லை, வலது கைதான் பிணங்கிக்கொண்டு கிடந்தது. பயப்படாதே, நல்ல சேதிதான். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அப்பாவைக் கவனிக்க வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எவ்வளவு பாடுபட்டு வாங்கிய வேலை! இவரானால் வாதம் வந்த கையைத் துண்டுக்கடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிசியோதெரபிப் பெண் அமுக்கிப் பழகக் கொடுத்த ரப்பர் பந்தைப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டுவிட்டார், எஞ்சினைப் பிரிச்சு மாட்டின கைக்குப் பந்தா என்று கோபம். நான் தினமும் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதோடு சரி.

இதற்கு நடுவில் ஈஸ்டர் வந்தது. போன வருஷம் கடைச் சாயம் போட்ட முட்டையை நக்கி என் பாலர் வகுப்புக் குட்டிகளின் நாக்கெல்லாம் நீலமாகிவிட்டதே, அதனால் இந்த முறை வெங்காயச் சருகு, சிவப்பு முட்டைக்கோஸ், மஞ்சள், இவை போதும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். காய்கறிக்காரரிடம் ஒரு பை சருகு கேட்டேன், உள்ள இருக்கிற வெங்காயம் என்னம்மா பாவம் பண்ணிச்சு என்கிறார். கோஸ் வெந்த நாற்றத்தில் வீட்டில் நிற்க முடியவில்லை. அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்து, என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவித்த முட்டைகளைச் சாயத்தில் போடப் போகும் நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள். நீ போ, நான் பாத்துக்கறேன் என்றார் அப்பா. அவள் வாயைத் திறந்தால் லேசில் மூடுவாளா, நான் திரும்பி வருவதற்குள் முட்டையெல்லாம் சாயத்துக்குள் கிடந்தது.

ஊறியபின் எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் திட்டுத் திட்டாக வெள்ளை. எண்ணெய் பட்ட ஓட்டில் சாயம் பிடிக்குமா? எனக்கு வந்ததே ஆத்திரம், கல்யாணமான நாள்லேர்ந்து கிரீஸ் கையோட கதவைத் தொட்டீங்க, இப்ப பிள்ளைங்க முட்டையையுமா என்று கத்தினேன். எண்ணெய் தேச்சுவிட்டது யாராம் என்றார் அவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணு, நான் எண்ணெய் தேய்த்தது வலது கையில் மட்டும்! முட்டையில் ஒரு பக்கம் கட்டைவிரல் தடம், மறுபக்கம் நாலு விரலும், மடங்கவே மடங்காத சுண்டுவிரலும்கூட. இடது கையில் கரண்டியைப் பிடித்துக் கலக்கிக்கொண்டே, யோசிக்காமல் வலது கையால் எடுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு நசுங்கிவிட்டன, நசுங்கட்டும். தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார், நானாடி பண்ணேன் என்று கேட்டார், நான் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

முழுசாகச் சரியாக மாதக்கணக்கில் ஆகும், ஆனால் ஆகும் என்று பிசியோதெரபிப் பெண் சொல்லியிருக்கிறாள். வகுப்பில் அந்தத் திட்டு முட்டைகளுக்குத்தான் அடிதடி, பேய் கை பட்ட முட்டையாம்! தின்ற பிறகு ஓடுகளைப் பொறுக்கி வந்தேன். இப்போது அப்பா காலையில் பாதி ஓடுகளில் மண் நிரப்பித் தக்காளி விதை ஊன்றுகிறார், வலது கையால்தான். உடைகிறதை நொறுக்கித் தொட்டியில் போட்டுவிட்டு, இது உரம் என்று சமாளிக்கிறார்.

ஆகையால் வேலையை விடுகிற பேச்சை இத்தோடு விடு. லீவு கிடைக்கும்போது வா, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், பார்த்துவிட்டுப் போ. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் தலையை ஈரத்தோடு விடாதே. இதனுடன் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, சிவப்புக் கோஸ் சாயத்தில் ஊறி நீலமான ஒரு ஓடு அனுப்பியிருக்கிறேன், அதில் இருப்பது அப்பாவின் சுண்டுவிரல். வழியில் நொறுங்கியிருந்தால் அழாதே, உன் ஜன்னல் செடிக்குப் போடு, இங்கே அவர் தினமும் விதை மண்ணில் புதிதாக விரல் பதித்துக்கொண்டிருக்கிறார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
அம்மா