கூலர் மாற்றிய வாரம்

ஓகஸ்ட் 4, திங்கள்

சோளகக் காற்று. யன்னலைச் சாத்தியும் மேசையில் புழுதி. கணினி இன்று நான்கு தரம் தானாக நின்றது. பதினைந்து நிமிடம் ஒழுங்காக ஓடும், பிறகு விசிறி இரையும், படக்கென்று திரை கறுப்பு. தட்டச்சு செய்த ஒன்றரைப் பக்கம் போய்விட்டது.

கொழும்பு மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் பரீட்சை வேலை: விவசாயிகள் கூட்டத்து ஒலிப்பதிவு மூன்று. கேட்டு எழுத்தாக்கி வெள்ளி பகல் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் தொடர்ந்து வேலை. சங்கக் கந்தோரில் தட்டச்சாளராக இருந்தது எந்தக் காலம். பிறகு எட்டு வருடம் அம்மாவின் கட்டிலடி. அம்மா போய் ஒரு வருடம். இப்போதுதான் என்னை நம்பி ஒன்று வந்திருக்கிறது.

பின்னேரம் ஓட்டோவில் ஏற்றிச் சந்தியில் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்து பார்த்தார்.

"ப்ராசசருக்கு மேலை இருக்கிற கூலர் முடிஞ்சுது அக்கா. விசிறி இழுத்து இழுத்துத்தான் சுத்துது. சூடு ஏற, தானா நிக்குது."

"மாத்தித் தருவீங்களோ?"

"உப்பிடிப் பழசுகளை இப்ப ஆர் தொடுறது? விட்டிட்டுப் போங்கோ, பத்து நாளிலை பாப்பம்."

பத்து நாளுக்கு எங்கே போவது. பொருந்துகிற கூலர் ஒன்று அவரிடம் கிடந்தது. அதையும், கூலருக்கும் ப்ராசசருக்கும் நடுவில் பூசுகிற பசை ஒரு சின்னக் குழாயும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மின்குமிழ் மாற்றவே ஆள் கூப்பிடுகிறவள் நான்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் கனடாவிலிருந்து அண்ணை போன் எடுத்தார். கணினி நிற்கிற கதையைச் சொன்னேன்.

"உதைத் தூக்கி எறி சுகந்தி. நான் புதுசு எடுத்துத் தாறன்."

"வேண்டாம் அண்ணை."

"ஏன் வேண்டாம்? நான் ஆருக்கு உழைக்கிறன்?"

பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். நல்ல மனிதர். ஆனால் இந்த வீட்டில் தண்ணீர் மோட்டார், குளிர்சாதனப் பெட்டி, என் மூக்குக்கண்ணாடி, எல்லாம் அவர். கணினியும் அவர் விட்டுப்போனதுதான். இந்த ஒரு வேலையாவது நானாகப் பிடித்ததாக இருக்கட்டும். இதை அவர் நோகாமல் எப்படிச் சொல்வது, தெரியவில்லை.

பத்து மணிக்குத் தொடங்கினேன். போனில் காணொளி. பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே புழுதி மெத்தை, பல்லிமுட்டை ஓடு இரண்டு. கடதாசியில் எழுதி வைத்தேன்:

மின்சார வயர் கழற்று
விசிறி வயர் கழற்று
கூலரைப் பிடிக்கிற கொளுவியை விடுவி
மெல்லத் திருகி, பிறகு தூக்கு

கடைசி வரியில் பிழைத்தேன். திருகவில்லை. இழுத்துவிட்டேன். பழைய பசை காய்ந்து இறுகியிருந்தது. ப்ராசசரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தீப்பெட்டியிலும் சின்னச் சதுரம், அடியில் நூற்றுக்கணக்கில் பொன்னிற ஊசிக்கால்கள். ஒரு மூலையில் ஐந்து கால்கள் சாய்ந்து கிடந்தன.

துவாய் விரித்து அப்படியே வைத்தேன். கிணற்றடியில் போய் முகம் கழுவினேன். அழவில்லை என்று எழுதப் பார்க்கிறேன். அழுதேன்.

மத்தியானம் சோறு, முருங்கைக்காய்க் குழம்பு. பிறகு ஒலிப்பதிவைப் போனில் போட்டுக் கொப்பியில் கையால் எழுதத் தொடங்கினேன். சும்மா இருந்தால் மனம் இன்னும் கெடும். பதிவில் ஒரு வயதான குரல்: "மழை வேணும் எண்டு கும்பிடுறதும் நாங்கள்தான். வெங்காயம் கிண்டேக்கை வேண்டாம் எண்டு கும்பிடுறதும் நாங்கள்தான்." திருப்பிப் போட்டுக் கேட்டேன். சிரிப்பு வந்தது.

ஓகஸ்ட் 6, புதன்

கை விரல் வீக்கம். கொப்பியில் முதலாவது பதிவு முழுவதும், இரண்டாவதில் பாதி.

பவானிக்குப் போன் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். இப்போது பல் வைத்தியர் ஒருவருக்கு உதவியாளர். நடுங்காத கை வேறு யாரிடம் இருக்கிறது என்று யோசித்ததில் அவள் முகம்தான் வந்தது.

மத்தியான இடைவேளையில் ஸ்கூட்டரில் வந்தாள். துவாயை விலக்கிப் பார்த்தாள்.

"என்னடி, வேரோடை பிடுங்கி வைச்சிருக்கிறாய்."

அவள் பையில்: நுனி மெல்லிய சாவணம், உருப்பெருக்கிக் கண்ணாடி, பஞ்சு, ஸ்பிரிட், பல்லிடுக்கு நூல்.

"டொக்டருக்குத் தெரியுமோ?"

"கேட்டுத்தான் கொண்டந்தனான்."

கூலருக்கும் ப்ராசசருக்கும் இடையில் நூலை விட்டு முன்னும் பின்னுமாக அறுத்தாள். நூல் மூன்று தரம் அறுந்தது. நாலாம் தரம் பிரிந்து வந்தது. பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

பிறகு கால்கள், சாவணத்தால் ஒவ்வொன்றாகப் பிடித்து.

"ஒருக்காத்தான் நிமித்தலாமாம். திருப்பித் திருப்பி வளைச்சா முறிஞ்சிடுமாம்," என்றேன், காணொளியில் கேட்டதை.

"பல்லுக்குப் போடுற கம்பியும் அப்பிடித்தான். டோர்ச்சை ஆட்டாதை."

ஒன்று. இரண்டு. மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவில் எழும்பித் தண்ணீர் குடித்தாள். ஐந்தாவது மிகவும் சாய்ந்தது. அதற்கு மட்டும் பத்து நிமிடம் இருக்கும்.

"பல்லைவிட இது சுகம். கத்தாது," என்றாள் கடைசியில்.

ப்ராசசரை அது முன்பு இருந்த துளைத் தட்டில் வைத்தோம். இறங்கவில்லை. எடுத்து, ஒரு காலை மயிரிழை அளவு தள்ளி, மறுபடி வைத்தோம். அழுத்தாமல் தானாக விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டதோ தெரியாது.

பசை ஓர் உழுந்தளவு. மேலே புதுக் கூலர். கொளுவியை மாட்ட இரண்டு பேரின் பலமும் வேண்டியிருந்தது. இரண்டு மணி நோயாளி வந்துவிடுவார் என்று, தேநீர்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டாள்.

தனியாக ஆளியைப் போட்டேன். திரை வந்தது. விசிறியைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. உடனே நிறுத்தி, டோர்ச் அடித்துப் பார்த்தேன். விசிறி வயரைப் பக்கத்து முளையில் குத்தியிருக்கிறேன். மாற்றிக் குத்தினேன். சுற்றியது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினைந்து நிமிடம். முப்பது. ஒரு மணித்தியாலம். நிற்கவில்லை.

பவானிக்கு: "ஓடுது." அவள்: "வாய் கொப்பளிக்கச் சொல்லு."

ஓகஸ்ட் 7, வியாழன்

விடிய ஐந்தரை தொடக்கம் தட்டச்சு, இரண்டாவது பதிவின் மிச்சமும் நேரே கணினியில். முன்பு தொண்ணூற்றைந்து பாகைக்கு மேலே போன சூடு, திரையில் பார்த்தால் இன்று ஐம்பதைத் தாண்டவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பார்க்கிறேன், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

11 - 12 கரண்ட் இல்லை. மூன்றாவது பதிவின் கடைசிப் பகுதியைக் கொப்பியில் எழுதி முடித்தேன்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

11.25க்கு அனுப்பினேன். முற்றம் கூட்டினேன். ஐந்து நாளாகக் கூட்டவில்லை. அண்ணைக்குப் போன் எடுத்து, நானே மாற்றினேன் என்று சொன்னேன்.

"நீயோ?"

"ஓம். நானும் பவானியும்."

"இனி வேற என்ன வேணும் எண்டு கேக்கவும் பயமாக் கிடக்கு," என்றார். சிரித்தார். நோகவில்லை.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

மேகம், மழை இல்லை. கொழும்பிலிருந்து பதில். மூன்று இடத்தில் பெயர்கள் பிழை, மற்றது நல்லது, அடுத்த ஆறு பதிவுகள் இணைத்திருக்கிறோம். மூன்று தரம் வாசித்தேன்.

சொல்லப் பவானிக்கு எடுத்தால், அவள் முந்திக்கொண்டாள்.

"எங்கடை கிளினிக் கொம்பியூட்டரும் இரையுதடி. டொக்டர் உன்னைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"என்னையோ?"

"பின்னை ஆரை?"

சனி ஒன்பது மணிக்கு வாறன் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை இழுப்பதில்லை, திருகுவது.